தீட்டின மரமும் வைரக்கல்லும்

"தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது" என்னும் பழமொழி தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் இன்றும் பேச்சில் புழங்குகிறது. உதவியவரையே பதம் பார்க்கும் நன்றி மறந்தோரைச் சுட்டுவது அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர் எழுந்து, "கத்தியைக் கல்லில்தானே தீட்டுவார்கள், மரத்தில் எப்படித் தீட்டுவது?" என்று கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். மரம் இரும்பினும் மெலியது. மெலியது வலியதைத் தேய்க்காது. பழமொழி விளக்கங்கள் பெரும்பாலும் கருத்துரைப்பதோடு நின்றுவிடுவதால், அம்மரம் எந்த மரம், அதில் என்ன நடந்தது என்பதை எவரும் கேட்பதில்லை.

விடை பனங்காட்டில் இருக்கிறது. தென்காசிக்கு மேற்கே குற்றால மலையின் நீர் பாயும் வயல்கள். கிழக்கே செல்லச் செல்ல நிலம் வறண்டு, செம்மண்ணில் பனைகள் தலைகாட்டத் தொடங்கும். அப்பனைகளில் ஏறியவர்கள் இடுப்புப் பெட்டியில் வைத்துச் சென்ற பாளை அரிவாள், தமிழ்நாட்டுக் கைக்கருவிகளுள் மிகுந்த கூர்மையை வேண்டி நின்ற ஒன்று. பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய சீவலாகச் சீவியெடுத்தால்தான் பதநீர் தடையின்றிச் சொட்டும். அரிவாள் சற்றே மழுங்கினாலும் வெட்டுவாய் நசுங்கி ஊறல் அடைபட்டுப்போகும். ஒரு பனையேறிக்கு நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சீவ வேண்டிய மரங்கள் பல. ஆகவே தீட்டுவதும் அன்றாடக் கடமை. அதற்குப் பயன்பட்டது ஒரு மரப்பலகைதான். வெங்கச்சங்கல் என்று நம் மக்கள் வழங்கும் வெள்ளைக் கல்லை இடித்துச் சலித்து, அந்த மாவைப் பலகைமேல் தூவி, அரிவாளை அதில் இழுப்பார்கள். கல்மாவு மரத்தின் இழைகளில் பதிந்து நிற்கும். இரும்பைத் தேய்ப்பது மரமன்று, மரம் பிடித்து வைத்திருக்கும் கல். தீட்டி முடித்த அரிவாளை அந்தப் பலகையிலேயே ஓங்கி வெட்டிப் பார்ப்பவன் எவ்வளவு அறிவிலியோ அவ்வளவு அறிவிலி நன்றி மறந்தவன் என்பதே பழமொழியின் நேர்ப்பொருள்.

இப்பலகையைப் புரிந்துகொண்டால் சாணைக்கல்லின் வரலாறு முழுவதையும் புரிந்துகொண்டதாகும் என்பது நமது துணிபு. ஏனெனில் உலகில் உள்ள எல்லாத் தீட்டுகற்களும் ஒரு பொடியும் அப்பொடியைப் பிடித்து நிற்கும் ஒரு பொருளும் சேர்ந்தவையே. பலகையில் பொடி வெங்கச்சங்கல், பிடிப்பது மரம். இன்று கடைகளிலும் இணையவழி வணிகத்திலும் பளபளக்கும் வைரத் தீட்டுகல்லில் பொடி வைரம், பிடிப்பது நிக்கல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடிய பாதையின் பெரும்பகுதி தமிழ்நாட்டு மண்ணின் வழியாகவே சென்றிருக்கிறது. அதை நாம் மறந்துவிட்டோம் என்பதே இதை எழுதத் தூண்டியது.

இரும்பின் தொன்மையைப் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. சிவகளை, ஆதிச்சநல்லூர், மயிலாடும்பாறை முதலிய இடங்களின் காலக்கணிப்புகளைத் தொகுத்து 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்டது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அள்ளியெடுத்த இரும்புக் கருவிகளின் குவியலை அறியாதார் இலர். நம் தென்காசி மாவட்டத்திலேயே சிவகிரியை அடுத்த திருமலாபுரத்தில் 2024இல் நடந்த அகழாய்வு இரும்புக்கால ஈமக்காடு ஒன்றைக் காட்டிற்று. ஆளுயரத்தை விஞ்சும் ஈட்டிகளும் அங்கே கிடைத்துள்ளன. காலக்கணிப்பைக் குறித்து அறிஞர்கள் வாதிடட்டும். அவ்வீட்டிகளுக்கு விளிம்பு கொடுத்தது எது என்று எவரும் கேட்பதில்லையே என்பதுதான் நமது சிறு குறை. இரும்பை உருக்கியவனுக்குக் கிடைக்கும் புகழ் அதைத் தீட்டியவனுக்குக் கிடைப்பதில்லை.

சங்கப் புலவர்கள் அப்படிப் பாராமுகமாக இருந்ததில்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டு நாமனைவரும் படித்தது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஔவையார், அங்குள்ள வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பெற்று அழகாக இருப்பதைச் சொல்லி, தம் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். இதனைப் பழிப்பதுபோலப் புகழ்தல் என்று கற்பிக்கிறோம், சரிதான். ஆனால் தீட்டுவோன் கண்ணோடு படித்தால் அதில் ஒரு தொழில் உண்மையும் தென்படும். வேலை செய்யும் விளிம்பு மழுங்கியே தீரும், அதைத் திரும்பத் திரும்பக் கொல்லனிடம் கொண்டு சென்றே தீர வேண்டும். பொன்முடியாரின் 312ஆம் பாட்டில் வேலை வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமைகளுள் ஒன்றாக வைக்கப்படுகிறது. வடித்தல் என்னும் அச்சொல்லே நுட்பமானது. இரும்பைக் காய்ச்சி அடித்து விளிம்பை மெலிவித்தல், தேய்த்துக் கூராக்கல் இரண்டும் அதில் அடங்கும்.

வள்ளுவருக்கோ அரத்தின்மேல் தனி ஈடுபாடு. 567, 888, 997 ஆகிய மூன்று குறள்களில் அரம் உவமையாக வருகிறது. மூன்றில் ஒன்றுதான் கூர்மையைப் பேசுகிறது. மற்ற இரண்டும், கடுஞ்சொல்லால் அரசின் வலிமையும் உட்பகையால் குடியின் வலிமையும் அராவப்பட்ட இரும்பாய்த் தேய்வதைப் பேசுகின்றன. தீட்டுதல் என்பது கொடுத்தல் அன்று, எடுத்தல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தீட்டலிலும் கத்தி சிறிது இறக்கிறது. நம் பாட்டிமார் வைத்திருந்த அரிவாள்மனையின் அலகு பிறைபோல மெலிந்து உட்குழிந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். வீட்டு வாசற்படியின் ஓரத்திலும் அம்மியின் பக்கத்திலும் தேய்த்துத் தேய்த்து வந்த தேய்வு அது. மேற்கு மலையடிவாரத்துப் பாறைகளிலெல்லாம் வெங்கச்சங்கல்லின் மணிகள் கலந்திருப்பதால் வாசற்படியே தீட்டுகல்லாக உதவிற்று. ('தீட்டுதல்' என்னும் சொல் அரிசிக்கும் ஓவியத்துக்கும் பொதுவாக அமைந்ததைத் தனியே எழுதலாம், இங்கே இடமில்லை.)

படியில் தேய்ப்பது வீட்டுக்குப் போதும், தொழிலுக்குப் போதாது. தொழிலுக்கு வந்தது சாணை. வட்டச் சக்கரத்தை இருசில் மாட்டி, ஒருவர் தோல்வாரை முன்னும் பின்னும் இழுக்க மற்றவர் அலகைச் சக்கரத்தில் பிடிப்பது பழைய முறை. பின்னாளில் காலால் மிதித்துச் சுழற்றும் சட்டமும், மிதிவண்டியிலேயே பொருத்திய சக்கரமும் வந்தன. 'சாணை பிடிக்கிறதூ' என்று தெருவில் குரல் கேட்டதும் கத்தியும் கத்தரிக்கோலுமாகப் பெண்கள் வாசலுக்கு வருவதும், தீப்பொறியைப் பார்க்கச் சிறுவர்கள் கூடுவதும் நமது தலைமுறை வரை அன்றாடக் காட்சிகள்.

அந்தப் பழைய சக்கரம் வெட்டியெடுத்த கல் அன்று என்பதே இங்கு முதன்மையான செய்தி. குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, சலித்து, உருகிய அரக்கில் கொட்டிப் பிசைந்து, வட்டமாக அழுத்தி, நடுவில் துளையிட்டு ஆக்கியது அது. இங்கு பொடி குருந்தம், பிடிப்பது அரக்கு. இந்தக் கலவையின் அருமை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அலகு உரசும்போது மேலே உள்ள மணிகள் மழுங்கும். மழுங்கிய மணியின்மேல் உராய்வு கூடும், அரக்கு சற்றே இளகும், மணி உதிரும், அதன் கீழிருந்து புதுமணி தலைகாட்டும். சக்கரம் தன்னைத் தானே தீட்டிக்கொள்கிறது என்றே சொல்லலாம். பிடிப்புப் பொருள் மிகுதியும் இறுகலாக இருந்தால் மழுங்கிய மணி உதிராது, சக்கரம் வழுவழுப்பாகிப் பயனற்றுப் போகும்; மிகுதியும் இளகலாக இருந்தால் நல்ல மணியும் வீணே உதிரும். இன்றைய சாணைச் சக்கரத் தொழிற்சாலைகள் தரம் பிரிப்பதும் இந்த நடுநிலையை வைத்துத்தான். அதை அரக்கில் கண்டுபிடித்தவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

குருந்தத்தின் பெருமையை நாம் உணர்வதற்கு முன் எடின்பரோவில் ஒருவர் உணர்ந்துவிட்டார். 1760களின் இறுதியில் சென்னையிலிருந்த மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோவில் மணிக்கற்களில் உருவம் செதுக்கிவந்த வில்லியம் பெர்ரி என்பவருக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் தவிர மற்ற மணிகளை மெருகிட இந்நாட்டார் பயன்படுத்துவது இதுவே என்ற குறிப்பும் உடன் சென்றது. ஐரோப்பியக் கனிமவியலார் அதற்கு என்ன பெயரிடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்த நிலையில், சார்லசு கிரெவில் 1798இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஆசியாவின் குருந்தக்கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். திருச்சிராப்பள்ளிக்கு அப்பால் பரமத்தி வட்டாரத்தில் அது தோண்டி எடுக்கப்படுவதையும் அக்கட்டுரை பேசுகிறது. அந்த வட்டாரத்துச் சித்தம்பூண்டியின் குருந்தம் தாங்கிய பாறைகள் புவியியலாரிடையே இன்றும் பெயர் பெற்றவை. (கனிமங்களோடு கிரெவிலுக்கு இருந்த உறவைவிட, எம்மா ஹாமில்டனோடு இருந்த உறவுக்காகவே ஆங்கில வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது என்பது வேறு கதை.)

தமிழின் குருந்தம் ஆங்கிலத்தில் நிலைபெற்றது இவ்வாறே. ஆங்கில அகராதிகள் அச்சொல்லுக்குத் தமிழையே மூலமாகக் காட்டி, வடமொழிக் குருவிந்தத்தோடு உறவுபடுத்துகின்றன. அந்தக் குருவிந்தமும் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணி வணிகர் வீதியில் விரிக்கப்படும் மாணிக்க வகைகளுள் விந்தம் என்பது குருவிந்தமே என்று உரைகள் சொல்லும். மாணிக்கமும் நீலமும் வேதியியலின்படி நிறம் ஏறிய குருந்தமே என்பதை ஐரோப்பா நிறுவியதும் கிரெவிலின் காலத்தை ஒட்டித்தான். அரசன் முடியில் இருந்தால் மாணிக்கம், சாணைக்காரன் சக்கரத்தில் இருந்தால் குருந்தம். இன்று நம் மாணவர்களோ அதனைக் 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தின் வழியே திரும்பப் பெற்று ஒலிக்கிறார்கள். தன் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய்த் திரும்பியபோது அடையாளம் தெரியாமல் விருந்தினன் என்று உபசரிப்பதைப் போன்றது இது.

அப்பிள்ளையின் பயணம் இன்னும் முடியவில்லை. 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்டு அச்செசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்னுலையில் காய்ச்சியபோது பளபளக்கும் படிகங்கள் சில கிடைத்தன. கரியும் குருந்தமும் கூடிப் பிறந்தது என்று முதலில் எண்ணிய அவர் 'கார்பன்', 'குருந்தம்' ஆகிய சொற்களை ஒட்டிக் 'கார்பரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்த சேர்மம். குருந்தம் அதில் இம்மியும் இல்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயரோடு நிறுவனம் எழுந்தது, உலகமெங்கும் அதன் கற்கள் பரவின. அமெரிக்கக் கார்பரண்டம் நிறுவனமும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனமும் முருகப்பா குழுமத்தோடு கைகோத்துக் கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது 1954இல். அதன் ஆலை எழுந்தது சென்னைத் திருவொற்றியூரில். கொங்கு நாட்டுக் குழியிலிருந்து கிளம்பிய சொல், இலண்டனையும் பென்சில்வேனியாவையும் சுற்றிக்கொண்டு ஒற்றியூர்க் கடற்கரையில் வந்து இறங்கிற்று.

தச்சர்களிடம் இன்றும் 'கார்பரண்டம் கல்' என்றால் ஒருபுறம் பரும்பொடியும் மறுபுறம் நுண்பொடியும் கொண்ட செவ்வகக் கல். இதில் பொடியைப் பிடிப்பது சுட்ட மண். செங்கோட்டையின் மரத்தொழிலை நினைத்தால் இந்தக் கல்லின் தேவை விளங்கும். 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை இருப்புப்பாதை ஓடத் தொடங்கிய பின் மேற்கு மலை மரங்களின் வணிகம் இப்பகுதியில் பெருகிற்று. 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு இணையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்ததும் அவ்வணிகத்துக்கு இசைந்தது. ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று இழுத்த பெருவாளின் பற்களுக்கு முப்பட்டை அரம், உளிக்கும் இழைப்புளிக்கும் கல் என்பது தொழில் வழக்கு. கருக்கரிவாளின் பல்லுக்கு இரண்டுமே உதவா. அதைக் கொல்லன் உலையில்தான் புதிதாக வெட்ட வேண்டும். தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலில், பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய திருப்பணியின் தொடர்ச்சியாக எழுந்த வீரபத்திரரையும் இரதியையும் மன்மதனையும் பார்க்கும்போது, விரலிடுக்கிலும் அணிகலன் இடுக்கிலும் புகுந்து வேலை செய்த உளிகளை நாம் நினைப்பதுண்டு. கல்லுளி கல்லில் தீட்டப்படுவதைவிட உலையில் மீட்கப்படுவதே மிகுதி. முனையைக் காய்ச்சி, அடித்து நீட்டி, தோய்ச்சல் கொடுத்துத் திருப்பித் தருவான் கொல்லன். சிற்பக்கூடம் இருக்கும் இடத்தில் துருத்தியும் இருந்தே தீரும்.

இனி வைரத்துக்கு வருவோம். தமிழில் வைரம் என்றால் மணியும் வைரம், மரத்தின் உள்ளீடான வன்மையும் வைரம், நெஞ்சில் ஆறாத பகையும் வைரம். மூன்றும் எளிதில் தேயாதவை. 'வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும்' என்பது வழக்குமொழியும் ஆகும், தொழில்முறையும் ஆகும். வைரத்தை அணியாக அன்றிக் கருவியாகக் கொண்ட பழமையும் இந்நாட்டுக்கு உண்டு. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் 1985 முதல் பேராசிரியர் கா. ராசன் முதலானோர் நடத்திய அகழாய்வுகளில் நீலம், பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றில் செய்து முடிக்கப்படாத மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. அந்த வன்மணிகளில் நூல் கோக்கும் துளையை எப்படி இட்டார்கள்? பண்டைய மணிகளின் துளைகளை அச்செடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த கோரெலிக், குவின்னட் என்னும் இருவர், வைரச் சில்லைப் பதித்த துளைப்பான் முனை இந்தியாவிலிருந்தே உரோம உலகுக்குப் பரவியது என்று 1988இல் எழுதினர். குசராத்தின் கம்பாத்தில் மணித்தொழிலாளர் இரட்டை வைரச் சில்லு பதித்த முனையை அண்மைக்காலம் வரை வில்லால் சுழற்றிவந்தது அவர்களுக்கு ஒரு சான்று.

ஆயினும் கத்தி தீட்ட வைரத்தை எவரும் பயன்படுத்தவில்லை. காரணம் விலைதான். அந்த விலை உடைந்தது, மேலே சொன்ன அதே 1954இல். அவ்வாண்டு திசம்பர் 16 அன்று அமெரிக்காவின் செனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் திரேசி ஹால் என்பவர் பேரழுத்தமும் பெருவெப்பமும் கொடுத்துக் கரியை வைரமாக்கினார். 1955 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1953இல், சுவீடனின் ஆசியா நிறுவனத்தார் ஓசையின்றி அதைச் செய்து முடித்திருந்தனர். ஆலையில் பிறந்த வைரப்பொடி மலிய மலிய, எஃகுத் தகட்டின்மேல் அதைப் பரப்பி நிக்கல் முலாம் பூசிப் பதிக்கும் முறை வந்தது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய டிஎம்டி போன்ற நிறுவனங்கள் இதனைக் கைத்தொழிலாளரிடமும் சமையற்கூடத்திலும் கொண்டு சேர்த்தன. இன்று நம் ஊர்க் கடைகளில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது.

வன்மையை எண்ணால் சொல்வதானால், நூப் அளவையில் வெங்கச்சங்கல் ஏறத்தாழ 820, குருந்தம் 2100, கார்பரண்டம் 2500, வைரம் 7000 அளவில் நிற்கும். தோய்ச்சல் கொடுத்த நல்ல எஃகு 700, 800 என்ற அளவில் இருக்கும். பனையேறியின் வெங்கச்சங்கல் எஃகை எவ்வளவு நூலிழை வேறுபாட்டில் வென்றது என்பதையும், அதனால்தான் அது அவ்வளவு மென்மையான விளிம்பைத் தந்தது என்பதையும் இவ்வெண்களிலிருந்து உய்த்துணரலாம். பழைய கரி எஃகுக்குக் குருந்தமே மிகை. அப்படியானால் வைரம் எதற்கு? புதுவகை எஃகுகள் சிலவற்றில் வனேடியம் கலக்கிறார்கள். அதனால் எஃகுக்குள் விளையும் கடுந்துகள்கள் குருந்தத்தினும் வன்மையானவை. குருந்தக் கல்லில் தேய்த்தால் சுற்றியுள்ள எஃகு தேயும், துகள் தேயாமல் துருத்தி நிற்கும். அவற்றை அறுக்க வைரம் வேண்டும். தச்சர் சிலர் பயன்படுத்தும் கார்பைடு முனைகளுக்கும் அப்படியே. நம் வீட்டு எவர்சில்வர் கத்திக்கு அந்தத் தேவை இல்லை. விரைவு ஒன்றே ஆதாயம்.

வைரக்கல்லுக்கு இன்னொரு சிறப்புண்டு, அது குழிவதில்லை. கார்பரண்டம் கல்லும் சாணைச் சக்கரமும் தேயத் தேய நடுவில் பள்ளமாகும், பள்ளக் கல்லில் உளியின் முதுகு ஒருநாளும் தட்டையாகாது. வைரத் தகடு ஆண்டுக்கணக்கில் தட்டையாகவே இருக்கும். அதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நிக்கல் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதால் மழுங்கிய மணி உதிர்ந்து புதுமணி மேலே வருவதில்லை. கீழே வேறு மணியும் இல்லை, ஒரே அடுக்குத்தான். அரக்குச் சக்கரம் இறந்து இறந்து பிறப்பது. வைரத் தகடு பிறந்த நாளிலிருந்து மெல்ல முதுமை எய்துவது. ஆகவே இதில் அழுத்தித் தேய்ப்பது கூடவே கூடாது. வாசற்படியில் உடல் பாரத்தைப் போட்டுத் தேய்த்துப் பழகிய கை வைரத் தகட்டிலும் அதையே செய்கிறது. மணிகள் வேரோடு பெயர்ந்து, சில மாதங்களில் தகடு வழுக்கத் தொடங்குகிறது. பிறகு 'வைரமும் ஏமாற்று' என்று கடைக்காரரை வைவோம். கத்தியின் எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும்.

வாங்குவோர் பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 325 என்றால் மணியின் பருமன் 45 மைக்ரான் அளவு. விளிம்பு உடைந்த கத்திக்கும் புதிதாகக் கோணம் அமைப்பதற்கும் உரியது. 600 என்றால் 25 மைக்ரான். சமையல் கத்திக்கு இது ஒன்றே போதும் என்பது நமது கருத்து. 1200 என்றால் 9 மைக்ரான். உளி, இழைப்புளி வைத்திருப்போர்க்கு. தக்காளித் தோலையும் இறைச்சியையும் அறுக்கச் சற்றே சொரசொரப்பான விளிம்புதான் உதவும், கண்ணாடி போன்ற மெருகு வழுக்கும். மிக மலிவான தகடுகளில் பருமனும் நுண்மையுமான மணிகள் கலந்திருக்கும். 1200 என்று அச்சிட்ட தகட்டில் ஆழ்ந்த கீறல் விழுவது அதனால்தான். வாங்கும்போதே ஓர் அளவுகோலின் விளிம்பை மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தகடு வளைந்திருப்பது தெரிந்துவிடும். புதுத் தகடு முதல் சில தடவைகளில் சற்று முரட்டுத்தனமாகவே கடிக்கும், துருத்தி நிற்கும் மணிகள் ஒடிந்த பின்னரே அமையும். விலையுயர்ந்த கத்தியை முதல்நாளே அதில் வைக்க வேண்டியதில்லை.

எண்ணெய் வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். கத்தியாயின் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை, உளியாயின் 25 முதல் 30 பாகை. கோணம் நிலைக்கிறதா என்று அறிய விளிம்பில் மை பூசித் தேய்த்துப் பார்க்கலாம்; மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. ஒரு பக்கம் தேய்க்க, மறுபக்கத்தில் முழுநீளத்துக்கும் பிசிறு எழ வேண்டும். பிசிறு எழாத இடம் தீட்டப்படாத இடம். எழுந்த பின் மறுபக்கம், பிறகு மாறி மாறி மெல்ல. அரிவாள்மனையின் வளைந்த அலகு தகட்டில் அமராது. அங்கே கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோகாமல் சிறு கல்லைக் கத்திக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவில் எஞ்சும் நுண்பிசிறை நீக்கத் தோல்வாரிலோ மென்மரப் பலகையிலோ நான்கைந்து முறை விளிம்பைப் பின்னோக்கி இழுப்பார்கள். வெளிநாட்டுத் தச்சு நூல்கள் இதற்குப் பச்சை நிற மெருகுப் பசையைப் பரிந்துரைக்கின்றன. நாவிதர்கள் தோல்வாரிலும் பனையேறிகள் பலகையிலும் செய்தது வேறொன்றன்று.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வைரம் கரியே ஆதலால் மிகுவெப்பத்தில் இரும்பு அதனைத் தின்றுவிடும். கையால் மெல்லத் தேய்ப்பதில் இந்த இடர் இல்லை. மின்சாரச் சக்கரத்தில் பொறி பறக்க எஃகைத் தீட்டுவதற்கு வைரம் பொருந்தாது. அதற்கென்றே 1957இல் போரானையும் நைட்ரசனையும் சேர்த்து வைரத்தை நிகர்த்த வேறொரு பொருளை அதே ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார்கள்.

ஆடியில் குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்குப் போகும் வழியெங்கும் பழக்கடைகள். மங்குசுத்தானின் தடித்த தோலைச் சுற்றிவரக் கீறி, உள்ளிருக்கும் வெண்சுளை சிதையாமல் இரண்டாகத் திறந்து காட்டுவது எளிய வேலையன்று. அன்னாசியின் கண்களைச் சரிவாகச் சீவியெடுப்பதும் அப்படியே. பழச்சாற்றின் புளிப்பு விளிம்பை அரிக்கிறது, சாரலின் ஈரம் துருவேற்றுகிறது; ஒரே பகலில் கத்தி மழுங்கிவிடும். மிதிவண்டிச் சாணைக்காரர்கள் அருகிவிட்ட இந்நாளில், கடைகளில் பழைய கார்பரண்டம் கல் துண்டோ, கவிழ்த்த பீங்கான் கோப்பையின் மெருகற்ற அடிவிளிம்போதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. பீங்கான் விளிம்பு நுண்மையான, நல்ல தீட்டுகல். அது நம் வெங்கச்சங்கல் போலவே எஃகை மயிரிழையில் வெல்வது. 600 எண் வைரத் தகடு ஒன்று அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். தண்ணீர் போதும், இடம் அடைக்காது, தட்டையாகவே இருக்கும். விற்பவர் அதனோடு ஒரு துண்டு மென்மரத்தையும் சேர்த்துக் கொடுத்து, அழுத்தாதீர்கள் என்ற ஒரு சொல்லையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், தகடு ஒரு சாரலோடு போகாமல் பல சாரல்களுக்கு வரும். பெட்டிமேல் குருந்தம் என்று எழுதவும் யாரேனும் துணிந்தால் நமக்கு மகிழ்ச்சியே.